நின்றபடி ஓடும் எஞ்சின்

மழை விட்டிருந்த புதன்கிழமைப் பிற்பகலில், கேம்ப் ரோடு சிக்னலில், அந்தச் சாம்பல் நிற ஃபியட் நான்காவது முறையாக நின்றுபோனது. பின்னால் இருந்த தண்ணீர் லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

“பதறாதீங்க மாமி. அவன் கத்திக்கினு கெடக்கட்டும். நீங்க சாவியத் திருப்புங்க,” என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த தமிழினி.

ரமா சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது, உலுக்கியது, ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. வண்டி ஆடிய ஆட்டத்தில் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த சின்ன ஹயக்ரீவரும் சேர்ந்து ஆடினார். பச்சை விழுந்தது. அவள் கிளட்சை விடுவதற்குள் மறுபடியும் நின்றது.

“என் கால்தான் சரியில்லை தமிழினி. அவர் சொல்றது நிஜம்தான்.”

“நவுருங்க. நான் ஓட்டறேன்.”

ரமாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. இருபத்தாறு வருஷமாக இதே வண்டியின் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தவள். வலப்பக்கத்துக்கு மாறி ஆறு மாதம் ஆகப் போகிறது. ஓட்டப் பழகுவதற்கான எல்.எல்.ஆர். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. போன தடவை ஆர்.டி.ஓ. மைதானத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி மூன்று தரம் நின்று, அதிகாரி பேசாமல் இறங்கிப் போய்விட்டார். மிச்சம் இருப்பது இந்த வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அதிலும் தவறினால் சனிக்கிழமை காலையில் படப்பையிலிருந்து ஒருவர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவார் என்று அவள் கணவர் தோத்தாத்ரி சொல்லிவிட்டார். ஓட்ட ஆளில்லாத வண்டி வாசலில் நிற்பதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. பார்க்க என்று சொல்வதுகூடச் சரியில்லை. கிளாக்கோமா அவர் பார்வையை ஓரங்களிலிருந்து தின்றுகொண்டே வந்து, இப்போது ஒரு குழாய்க்குள்ளிருந்து பார்ப்பது போல நடுவில் கொஞ்சம் மட்டும் விட்டுவைத்திருந்தது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்கள் தெரு முனையைத் தமிழினி திருப்பும்போதே தோத்தாத்ரி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பல்லாவரம் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். ஓடும் பம்பின் மேல் காதை வைத்து, உள்ளே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொன்னவர். கண் போனாலும் காது இருக்கிறது என்பது அவருடைய பெருமை.

“செகண்ட் கியர்லேர்ந்து ஃபர்ஸ்ட்டுக்கு வரச்சே இழுக்கறது. கிளட்சைப் பட்டுனு விட்டுட்டே பாரு ரமா,” என்றார்.

“ஓட்டினது நான் சார்,” என்றாள் தமிழினி, இறங்கிக்கொண்டே.

தோத்தாத்ரி குரல் வந்த பக்கம் திரும்பினார்.

“முக்குல திரும்பசொல்ல என் காலுலயும் நின்னுச்சு. நூத்திப் பன்னெண்டு பொம்பளைங்களுக்கு லைசன்ஸ் வாங்கிக் குடுத்த காலு சார் இது. மாமி மேல தப்பு இல்ல. உங்க வண்டிதான் பேஜார் பண்ணுது.”

தமிழினி முடிச்சூர்க்காரி. அப்பா காலத்து நிலம் வீட்டுமனைகளாகப் போன பிறகு, வீடுகளில் நிற்கும் கார்களிலேயே பெண்களுக்கு ஓட்டக் கற்றுத்தருவதைத் தொழிலாக வைத்துக்கொண்டவள். நூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணைக் கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

“போன வாரம்தானே மெக்கானிக் ஏகநாதன் வந்து பார்த்தான்?” என்றார் தோத்தாத்ரி.

“பாத்தாரு. செக் பண்ற மிசினைக் கையில வெச்சிக்கினு, இதை எங்க சொருவுறதுன்னு வண்டிய ரெண்டு சுத்து சுத்துனாரு. சொருவ எடமே இல்ல. ஒரு ஸ்குரூவத் திருப்பிட்டு, கத்துக்கறவங்க கால் அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டுக் கீழ்க்கட்டளைக்குப் போயிட்டாரு. அவரு இன்னா பண்ணுவாரு பாவம், அவரு பாக்குறதெல்லாம் கம்ப்யூட்டர் வண்டி.”

தோத்தாத்ரி கேட்டிலிருந்து கையை எடுத்து, வண்டியின் பானெட் மேல் வைத்தார். இரும்பின் அதிர்வு உள்ளங்கையில் ஏறியது. 

“ரமா, அந்த டூல்ஸ் பையை எடுத்துண்டு வா. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டணும்.”

“நானா?”

“எனக்குக் கண் எங்கேடீ இருக்கு?”

ரமா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். மல்லிச் செடியிலிருந்து சொட்டிய நீர் பானெட்டுக்குள் விழாமல் தமிழினி குடையைப் பிடித்தாள்.

வண்டி எப்படியெல்லாம் நோகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வண்டி வேகமாகப் போனால் நோகவில்லை. வேளச்சேரி சாலையில் நாற்பது, ஐம்பதில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்து, வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓட வேண்டிய நேரத்தில்தான் குலுங்கி அணைகிறது. சிக்னல், தெருமுனை, ரிவர்ஸ் எல்லாமே அந்த நேரம்தான். ஓட்டக் கற்றுக்கொள்பவளின் நாள் முழுவதும் அந்த நேரத்திலேயே கழிகிறது. ஆகவே பழி அவள் காலுக்கு வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

“நாலு சிலிண்டர் இருக்கு. அதுல ஒண்ணு வேலை செய்யலேன்னாலும் இப்படித்தான் குலுங்கும்,” என்றார் தோத்தாத்ரி. “அதை முதல்ல பார்த்துடுவோம். தமிழினி, நீ ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சுண்டு உட்காரு. ரமா, காலுக்குச் செருப்பைப் போட்டுக்கோ. பாத்திரம் தேய்க்கற கையுறையை மாட்டிக்கோ. பிளக் மேல இருக்கற வயரை ஒவ்வொண்ணா இழுத்துட்டுத் திருப்பி மாட்டு.”

“ஷாக் அடிக்குமா?”

“கையுறை ஈரமா இருந்தா அடிக்கும்.”

“நல்லா தைரியம் சொல்றாரு மாமி உங்க வூட்டுக்காரரு,” என்று உள்ளேயிருந்து தமிழினி குரல் கொடுத்தாள்.

முதல் வயரை இழுத்ததும் எஞ்சின் தடுமாறியது. மாட்டியதும் பழைய நிலைக்கு வந்தது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றுக்கும் நான்குக்கும் அதே தடுமாற்றம், அதே அளவு.

“நாலும் ஒரே மாதிரி விழறது,” என்றாள் ரமா.

“அப்போ நாலும் வேலை செய்யறது. ஒருத்தன் மட்டும் சோம்பேறியா இருந்தா, அவன் வயரை எடுக்கறச்சே ஒரு வித்தியாசமும் தெரியாது. நாலு பேருக்கும் சேர்ந்து உடம்பு சரியில்லேன்னா என்ன அர்த்தம்?”

ரமா யோசித்தாள். “சாப்பாட்டுல கோளாறு.”

தோத்தாத்ரி முகம் மலர்ந்தது. நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் கேள்விக்கு அவள் இப்படிப் பட்டென்று பதில் சொல்லி அவர் கேட்டதில்லை. அவர் இப்படிக் கேள்வி கேட்டதும் இல்லை.

எஞ்சினை அணைத்துவிட்டு, ஆறவைத்து, நான்கு பிளக்குகளையும் ரமா கழற்றினாள். கடைசிப் பிளக் இறுகிப்போயிருந்தது. ஸ்பானரின் மேல் உடம்பு எடையைப் போட்டு அழுத்தியபோது அது ‘க்ரீச்’ என்று விட்டுக்கொடுத்தது. நான்கையும் பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தாள். நான்கின் நுனியிலும் கரி. தொட்டால் விரலில் ஒட்டும் மைபோன்ற கரி.

“என்ன நிறம்?”

“அட்டைக் கறுப்பு. நாலும்.”

“பெட்ரோல் ஜாஸ்தி. குறைச்சலா இருந்தா வெளுத்திருக்கும். சோக் மூடியிருக்கா பாரு.”

குளிரில் எஞ்சினைக் கிளப்பக் காற்றின் வழியை மறைக்கும் தகடுதான் சோக். அது மூடியபடி சிக்கிக்கொண்டால் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துவிடும். ரமா கார்புரேட்டரின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருந்த ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே பார்த்தாள். தகடு செங்குத்தாக, முழுக்கத் திறந்துதான் இருந்தது. உள்ளே பெட்ரோல் தேங்கும் கிண்ணம் நிரம்பி வழிகிறதா என்று தோத்தாத்ரி கேட்டார். வழியவில்லை, கார்புரேட்டரின் தொண்டை உலர்ந்திருந்தது. ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அதன் பிறகு தோத்தாத்ரிக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“படப்பைக்காரர்கிட்ட நாளைக்குக் காலைலயே வரச் சொல்லிடறேன்,” என்றார் மெதுவாக.

“இருங்கோ, காபி போட்டுண்டு வரேன்,” என்று ரமா உள்ளே போனாள்.

அவள் மனது பானெட்டுக்குள்ளேயே இருந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைச் சத்தம் கேட்டுத்தான் கவனித்தாள். அவசரமாகப் பாத்திரத்தை நகர்த்தினாள். நீலமாக எரிந்த தீ, வழிந்த பக்கம் மஞ்சளாகி, நாக்கை நீட்டி ஆடியது. இது அவளுக்குப் பழக்கமான தொல்லை. பர்னருக்குக் கீழே, காற்று நுழைவதற்காக ஒரு ஓட்டை இருக்கிறது. காஸ் தனியாக எரியாது. அந்த ஓட்டை வழியாகக் காற்றையும் இழுத்துக் கலந்துகொண்டுதான் நீலமாக எரியும். பால் அதை அடைத்தால் காற்று குறையும், தீ மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கறுக்கும். அடுப்பை அணைத்து, பர்னரைத் தூக்கி, ஈரத்துணியால் ஓட்டையைத் துடைத்தாள். பாத்திரத்தின் அடியைத் தடவினாள். விரலில் கரி ஒட்டியது.

அதே விரலின் மறுபக்கத்தில் பிளக்கின் கரி இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே கரி.

காபி இல்லாமல் வெளியே வந்தாள்.

“ஏன்னா, பெட்ரோல் ஜாஸ்தின்னு ஏன் சொல்றேள்? காத்து குறைச்சலாவும் இருக்கலாமோன்னோ?”

“ரெண்டும் ஒண்ணுதான். ஆனா காத்து வர்ற வழியெல்லாம் பார்த்தாச்சே. ஃபில்டர், சோக்...”

“நின்னுண்டு ஓடறச்சேயும் அந்தப் பெரிய வாய் வழியாத்தான் காத்து போறதா? இல்லை தனியா சின்ன ஓட்டை ஏதாவது இருக்கா? என் அடுப்புக்கு இருக்கற மாதிரி?”

தோத்தாத்ரி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

இருக்கிறது. வண்டி ஓடும்போது பெட்ரோல் பெரிய குழாய் வழியாகப் போகிறது. காலை எடுத்ததும், சோக்குக்குக் கீழேயுள்ள இன்னொரு தகடு மூடிக்கொள்ள, அந்தப் பெரிய குழாய் சும்மா இருக்கிறது. அப்போது எஞ்சினுக்கு உயிர் கொடுப்பது மயிரிழை போன்ற வேறொரு பாதை. அதில் வரும் துளிப் பெட்ரோல், தொண்டையின் விளிம்பில் உள்ள ஊசிமுனை ஓட்டை வழியாக வரும் காற்றோடு கலந்து நுரையாகி, அந்தத் தகட்டுக்குக் கீழே போய்ச் சேர்கிறது. அந்தக் காற்று ஓட்டை அடைந்தால் நுரை இல்லை. பச்சைப் பெட்ரோல்தான் சொட்டும். எஞ்சின் மூச்சுமுட்டி நிற்கும். வேகம் எடுத்தால் பெரிய குழாய் வேலைக்கு வந்துவிடுவதால் நோய் மறைந்துவிடும்.

“வாயோட விளிம்புல, உன் வலது கைப் பக்கம். கடுகுல பாதி இருக்கும்,” என்றார். 

ரமா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். தமிழினி கைபேசி விளக்கைக் காட்டினாள்.

“ஓட்டை தெரியலை. ஏதோ மஞ்சளா, மேல சிவப்பா அப்பிண்டிருக்கு.”

“பெட்ரோல் கசடா இருக்கும். சுரண்டி எடு. கம்பி போடாதே. பித்தளை தேஞ்சு ஓட்டை பெரிசாயிடும்.”

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை ஒடித்து, நுனியைப் பல்லால் கூர்மையாக்கி, பெட்ரோலில் நனைத்து மெல்லத் தோண்டினாள். பத்து நிமிஷம் ஆனது. காய்ந்த கட்டியாக ஒன்று பெயர்ந்து, அவள் விரித்த துணியில் விழுந்தது. அதற்குப் பின்னால், ஓட்டைக்குள் நீண்டிருந்த சின்ன முளையும் சேர்ந்தே வந்தது. அவள் அதைக் கசக்கிப் பார்த்தாள். பிறகு அவர் மூக்கருகே பிடித்தாள்.

“பெட்ரோல்,” என்றார்.

“இன்னொரு தடவை பாருங்கோ.”

அவர் முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். முகம் மாறியது.

“சந்தனம்,” என்றார்.

சரஸ்வதி பூஜையன்று ரமா சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது, வண்டிக்குப் பூஜை நான்தான் போடுவேன் என்று யாரையும் பக்கத்தில் விடாமல் செய்தவர் அவர். ஒவ்வொரு வருஷமும் ஃபில்டரைக் கழற்றித் தட்டி, உள்ளே கார்புரேட்டருக்கும் ஒரு பொட்டு வைத்துத்தான் மூடுவார். வண்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது அவர் கணக்கு. இந்த வருஷம் பொட்டு வைத்த இடத்தைக் கண் காட்டவில்லை. கை காட்டிய இடத்தில் வைத்திருந்தார்.

தமிழினி குடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “இன்னா சார், மூக்கு மேலயே பொட்டு வெச்சிட்டு, மூச்சு விடலன்னு மாமியப் புடிச்சித் திட்டிக்கினு இருந்தீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. “உன் காலை நான் எத்தனை தடவை...” என்று ஆரம்பித்தார்.

“அதை நிதானமா பேசிக்கலாம்,” என்றாள் ரமா. “சைக்கிள் பம்ப் எங்கே வெச்சேள்? உள்ளே ஊதணும்.”

ஊதினாள். பிளக்குகளைத் துடைத்து மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். பாதிச் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஏகநாதன் திருப்பிவிட்டுப் போன ஸ்குரூவை இனி பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். எழுதிவைத்த அளவு ஏதும் அதற்கில்லை. உள்ளே திருகிக்கொண்டே போனால் எஞ்சின் ஓரிடத்தில் தளரும். வெளியே திருகினால் சீராகி, இன்னும் போனால் மறுபடி கனக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது.

“நிறுத்து. அதுதான்,” என்றார் தோத்தாத்ரி.

ரமா காதைச் சாய்த்தாள். “இல்லை. இன்னும் கொஞ்சம் இருக்கு.”

“வேண்டாம்னா.”

“இருக்குன்னா,” என்று அவள் இன்னும் கால் சுற்று திருப்பினாள். பானெட்டின் அதிர்வு அடங்கியது. அவர் கையை வைத்துப் பார்த்தார். ஒப்புக்கொண்டு தலையசைத்தார்.

அன்றைக்குக் காபி ஆறரை மணிக்குத்தான் வந்தது. கூடவே முருங்கைக்கீரை அடை. பெட்ரோல் வாசனை அடிக்கிற கையால் போட்ட அடையைத் தமிழினி மூன்று சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மைதானம் முழுக்கச் சேறு. இரவெல்லாம் பெய்திருந்தது. கம்பி வேலிக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கீழ், உறவுக்காரர்களும் டிரைவிங் ஸ்கூல் ஆட்களும் குடைகளோடு நின்றார்கள். தோத்தாத்ரிக்கு அந்தத் தூரத்தில் எதுவும் தெரியாது. சாம்பல் நிறத்தில் ஏதோ நகர்கிறது, அவ்வளவுதான். தமிழினியின் பக்கத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றார்.

அதிகாரி சின்ன வயது. ஸ்டியரிங்கின் கீழே முளைத்திருந்த கியர் தண்டை வெளியிலிருந்தே குனிந்து பார்த்துவிட்டு, ஏதோ கேட்டபடி ஏறினார்.

“ஃபர்ஸ்ட் போட்டுட்டா,” என்றார் தோத்தாத்ரி. “கிளட்சை அழகா விடறா. இப்போ திரும்பறா. ரிவர்ஸ் விழுந்துடுத்து பாரு, அந்தச் சத்தம் கேக்கறதா?”

“எனக்குக் கண்ணாலயே தெரியுது சார். நட்டு வெச்ச கொம்புங்க நடுவுல அப்படியே பாம்பு மாரி பூந்து போவுது.”

“இடிக்கலையே?”

“ஒண்ணுத்தையும் தொடல.”

கடைசியாக மேடு. பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். தோத்தாத்ரி எஞ்சின் ஏற்றத்தில் முனகுவதைக் கேட்டார். பிறகு கைபிரேக்கின் கரகரப்பு. பிறகு ஒன்றுமே இல்லை. பக்கத்து டிரைவிங் ஸ்கூல்காரர் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. வண்டி மட்டும் கேட்கவில்லை.

அவர் விரல்கள் வேலிக் கம்பியை இறுக்கின.

“நின்னுடுத்து,” என்றார். “மேட்டுல நின்னுடுத்து தமிழினி. இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுத்திருக்கலாம்...”

“எது நின்னுச்சு?”

“எஞ்சின்.”

தமிழினி அவரைத் திரும்பிப் பார்த்தாள். “இன்னா சார் நீங்க! ஓடிக்கினுதான் கீது. சைலன்சர்ல பொகை வருது, நான் பாக்குறேன். ஆபீசரே இப்ப உங்கள மாரிதான், ஜன்னலாண்ட காத வெச்சிக் கேக்குறாரு. மாமி சிரிச்சிக்கினு ஏதோ சொல்லுது.”

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி கேட்டார். எல்லாவற்றுக்கும் அடியில், மிக மெல்லிதாக, ஒரே சீராக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு துடிப்பு. அதுவரை அவர் அந்த வண்டியை அவ்வளவு அமைதியாக வைத்ததில்லை.

கைபிரேக் விடுபட்டது. வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. அதிகாரி இறங்கி, காகிதத்தில் எதையோ எழுதி, ஜன்னல் வழியாக நீட்டினார்.

“பாஸ் சார்! நூத்திப் பதிமூணு!” என்று தமிழினி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

போனில் பேசிக்கொண்டிருந்த டிரைவிங் ஸ்கூல்காரர் பேச்சை நிறுத்திவிட்டு வண்டியைப் பார்த்தார். “பழைய ஃபியட்டாச்சே. நின்னபடி ஓடற ஐட்லிங் எவ்ளோ சீரா இருக்கு! யாருங்க சார் மெக்கானிக்? அட்ரஸ் குடுங்க.”

தோத்தாத்ரி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சாம்பல் நிறத்தில் ஏதோ அவரை நோக்கி வந்துகொண்டிருந்த திசையில் கையை நீட்டினார்.

“அதோ, ஓட்டிண்டு வராளே,” என்றார். “அவதான்.”